டபுள்ஸில் ஊர் சுற்ற ஒரு பழைய பைக்: ஒன்றரை லட்சத்துக்குள் பார்த்து வாங்குவது எப்படி?

பழைய பைக் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் இன்ஜினைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். தனியாக ஓட்டுகிறவருக்கு அது சரி. இரண்டு பேர் நாள் முழுக்க உட்கார்ந்து போகிற வண்டி என்றால் பின் சீட்டிலிருந்து ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. எதிரே வரும் பள்ளம் தெரிகிறது. பிரேக் எப்போது விழும் என்பதும் தெரியும். பின்னால் இருப்பவருக்கு இதில் ஒன்றுமே கிடையாது. கோவையில் கிளம்பி ராமேஸ்வரம் போகும் வழியில், தாராபுரம் தாண்டுவதற்குள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அடுத்த பயணத்துக்கு வரமாட்டார். வண்டி வாசலில் கவர் போட்டு நிற்கும்.

ஒன்றரை லட்சம் ரூபாயை எல்லையாக வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் சுலபமாகக் கிடைக்கிற, எந்த ஊரிலும் மெக்கானிக் கை வைக்கக்கூடிய வண்டிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு

கையில் ஒன்றரை லட்சம் இருந்தால் வண்டிக்கு ஒன்றேகால் லட்சம்தான். மீதியைத் தொடக்கூடாது. டயர், செயின் செட், பேட்டரி, பிரேக் பேட், ஆயில், பெயர் மாற்றச் செலவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் முதல் மாதத்திலேயே வரிசையாக வரும். அந்தப் பணத்தையும் வண்டி விலையில் போட்டவர்கள்தான் தேய்ந்த டயரோடு கொடைக்கானல் ஏறுகிறார்கள்.

அடுத்தது எடை. 75 கிலோ ஆள் ஒருவர், 60 கிலோ ஆள் ஒருவர். ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் சேர்த்து ஐந்தாறு கிலோ. துணிமணி, மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில் என்று பதினைந்து கிலோ. ஆக மொத்தம் 155 கிலோவுக்கு மேல். வண்டியே 180, 190 கிலோ இருக்கும்போது அதன் மேல் இவ்வளவு ஏறுகிறது. 150 சிசி வண்டியும் இதை இழுக்கும். நம் ஊரில் இதற்கு மேலும் ஏற்றி ஓட்டுகிறார்கள். ஆனால் லாரியை முந்தும்போதும் மலை ஏறும்போதும் அதற்கு மூச்சு வாங்கும்.

போவது எங்கே என்பதையும் நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை, நான்குவழிச் சாலை என்று 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு 20 குதிரைத்திறன் போதும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவும் கொல்லிமலையின் 70 வளைவும் அடிக்கடி உண்டு என்றால் பார்க்க வேண்டியது டார்க், அதாவது இழுக்கும் திறன். வளைவில் வேகம் செத்து, இரண்டாவது கியரில் திணறாமல் மறுபடி எழ வேண்டும். லடாக் கனவு எல்லோருக்கும் இருக்கிறது. அதற்காக இப்போதே உயரமான வண்டி வாங்கி, வருடம் முழுக்க ஏற இறங்கச் சிரமப்பட வேண்டாம்.

பின் சீட்டில் என்ன பார்க்க வேண்டும்

பின்னால் உட்காரப் போகிறவரை முதல் நாளே கூட்டிக்கொண்டு போங்கள். மனைவியோ அம்மாவோ நண்பரோ, யாராக இருந்தாலும் அவர் ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் இருக்கட்டும். வண்டி நின்றபடியே இருந்தாலும் பல விஷயம் தெரிந்துவிடும்.

சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் உங்கள் முதுகில் வந்து இடிப்பார். ஸ்போர்ட்ஸ் ரக வண்டிகளில் பின் சீட் உயர்ந்தும் குறுகியும் இருக்கும். பல்சர் 220 எஃப் ஓட்ட அருமையான வண்டி, விலையும் குறைவு. ஆனாலும் டபுள்ஸ் தூரப் பயணத்துக்கு நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்தால் முட்டி மடிந்தே கிடக்கும். ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும். முட்டி தொண்ணூறு டிகிரிக்குக் கொஞ்சம் அகலமாக நிற்கிற மாதிரி இருந்தால் நல்லது. கால் சைலன்சரில் படுகிறதா, குதிகால் சூடாகும் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிடிமானம் முக்கியம். அழகுக்காகப் பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, சேலை கார்டையும் எடுத்துவிட்டு விற்பவர்கள் நிறையப் பேர். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், துப்பட்டா சக்கரத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கழற்றிய பாகம் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

முதுகுச் சாய்மானம் இருந்தால் பாதிக் களைப்பு குறையும். இன்னொன்று: ஒருபக்கமாக உட்கார்ந்து பழகியவர்கள் தூரப் பயணத்துக்கு இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எடை ஒருபக்கம் சாய்ந்தால் வளைவில் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. அப்படிக் கால் தூக்கிப் போட அவரால் முடிகிறதா என்பதை 800 மில்லிமீட்டர் சீட் உயரமுள்ள வண்டியில் கட்டாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

எந்த வண்டி

ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350. 2012-ல் புது வடிவம் எடுத்து 2020 வரை வந்தது. 20 லிட்டர் டேங்க். நிதானமாக ஓட்டினால் சென்னையில் நிரப்பி மதுரையைத் தாண்டிவிடலாம். 346 சிசி, 28 நியூட்டன் மீட்டர் டார்க், அகலமான பின் சீட், முதுகுச் சாய்மானம். ஒரு லட்சத்துக்குள் நல்ல வண்டியே கிடைக்கும். குறை என்னவென்றால் 80-ஐத் தாண்டினால் அதிர்வு. அது முதலில் தெரிவது பின்னால் இருப்பவரின் பாதத்துக்குத்தான். ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர் என்பதால் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். 2018-ல் வந்த தண்டர்பேர்டு எக்ஸ் ரகத்தில் அலாய் சக்கரமும் ட்யூப்லெஸ் டயரும் உண்டு, ஆனால் சாய்மானத்தை எடுத்துவிட்டார்கள். அதைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

மீட்டியோர் 350. 2020 நவம்பரில் தண்டர்பேர்டுக்குப் பதிலாக வந்தது. பேலன்சர் உள்ள புது இன்ஜின், அதனால் அதிர்வு வெகுவாகக் குறைவு. அலாய் சக்கரம், ட்யூப்லெஸ் டயர், 765 மில்லிமீட்டர் சீட் உயரம், 15 லிட்டர் டேங்க். ஆரம்பத்தில் வந்த மூன்று ரகங்களில் ஸ்டெல்லார், சூப்பர்நோவா இரண்டிலும் சாய்மானம் கம்பெனியிலிருந்தே வரும், ஃபயர்பாலில் இல்லை. நம் பட்ஜெட்டின் உச்சியில் நிற்கிற வண்டி இது. 2021 மாடல், ஒரே ஓனர், பேசி வாங்க முடிகிற விலை என்று மூன்றும் கூடி வந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி.

பஜாஜ் டொமினார் 400. 2016 டிசம்பரில் அறிமுகம். 373 சிசி, ஆரம்பத்தில் 35 குதிரைத்திறன், 2019-ல் 40 ஆனது. இந்த விலைக்கு இவ்வளவு சக்தி வேறு எதிலும் இல்லை. இரண்டு பேரோடு ஏற்றத்தில் முந்தும்போது வித்தியாசம் தெரியும். அகலமான ட்யூப்லெஸ் டயர், ஆறு கியர். 2021-ல் கண்ணாடி, கேரியர், சாய்மானம் எல்லாம் கம்பெனியே போட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. டேங்க் 13 லிட்டர்தான். முதல் வருடங்களில் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத ரகமும் விற்றார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள்.

ஹிமாலயன் 411. 2016-லிருந்து 2023 வரை வந்தது. முதல் கார்புரேட்டர் வண்டிகளை விட்டுவிடுங்கள்; 2018-க்குப் பிந்தைய, ஃபியூயல் இன்ஜெக்ஷனும் ஏபிஎஸ்ஸும் உள்ளதைப் பாருங்கள். மோசமான சாலையில் பின்னால் இருப்பவரின் முதுகைக் காப்பாற்றுவதில் இதற்கு நிகர் இந்த விலையில் இல்லை. 32 நியூட்டன் மீட்டர் டார்க் கீழிருந்தே கிடைக்கும். ஆனால் 800 மில்லிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட 200 கிலோ எடை, 21 அங்குல முன் சக்கரம், ட்யூப் டயர். ஆளையும் பையையும் ஏற்றிக்கொண்டு சரிவான பார்க்கிங்கில் பின்னால் தள்ளிப் பார்த்தால் அந்த எடை புரியும்.

அவெஞ்சர் 220 க்ரூஸ். பட்ஜெட் ஒரு லட்சத்துக்கும் கீழே என்றால் இதுதான். 737 மில்லிமீட்டர் உயரம், யாரும் ஏறலாம். முன்னால் கண்ணாடி, பின்னால் சாய்மானம். பல்சர் வேலை தெரிந்த எந்த மெக்கானிக்கும் இதைப் பார்ப்பார். இரண்டு பேர் ஏறினால் பெரிய வேகத்தடையில் அடி தட்டும். மலையில் நிதானமாகத்தான் ஏறும். அவசரமில்லாதவர்களுக்குக் குறை சொல்ல முடியாத வண்டி.

ஹோண்டா ஹைனஸ் சிபி 350 ஓட்டுவதற்கு மிக மென்மையானது. ஆனால் தனி ஷோரூம் வழியாக விற்பதால் உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பல்ஸ் 200 தனி ஆளுக்கு.

வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலில் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்றவை பிஎஸ்6, அதாவது புகைக் கட்டுப்பாடு கடுமையானவை. ஆகவே 2019-க்குப் பிந்தைய வண்டி கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. மழையில் இரண்டு பேரோடு பிரேக் அடிக்கும்போது ஏபிஎஸ் அதன் காசைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

எங்கே தேடுவது

தெரிந்தவர் கை வண்டி முதல் தரம். அடுத்தது நேரடி ஓனர். அப்புறம்தான் கன்சல்டிங் கடைகள். கடையில் பத்து வண்டியை ஒரே நாளில் பார்க்கலாம் என்ற வசதி உண்டு. ஆனால் எல்லா வண்டியும் வாட்டர் வாஷ், பாலிஷ் முடித்து ஒரே மாதிரி மின்னும். 'ஒரே ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி' என்பதை எல்லாக் கடையிலும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அவ்வளவு டாக்டர்கள் புல்லட் ஓட்டினால் ஆஸ்பத்திரியில் யார் இருப்பது?

ஆன்லைனில், ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் ஆகிவிட்டது, முன்பணம் போட்டால் வண்டியைப் பார்சலில் அனுப்புகிறேன் என்று வந்தால் அது மோசடி. நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

தவணை கட்டாமல் பறிமுதலான சீசிங் வண்டி விலை குறைவாக இருக்கும். காகிதம் சுத்தமாக இருந்தால் எடுக்கலாம், ஆனால் முதல் பழைய வண்டி வாங்குபவருக்கு நான் சொல்லமாட்டேன். புதுச்சேரி பதிவு வண்டியும் கர்நாடகப் பதிவு வண்டியும் மலிவாகத் தெரியும். தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுட்கால வரி கட்டிப் பதிவை மாற்றும் செலவையும் அலைச்சலையும் சேர்த்தால் அந்த மலிவு போய்விடும்.

நேரில் போனதும்

கிளம்பும் முன் போனில் ஒன்று சொல்லிவிடுங்கள்: 'நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க.' காலையில் போங்கள். போய்ச் சேர்ந்ததும் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன் இன்ஜினை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முன்னாலேயே ஓடவிட்டிருக்கிறார்கள். குளிரில் எடுக்காத வண்டிக்குத்தான் அந்த ஏற்பாடு தேவைப்படும். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்.

பட்டனை அழுத்தியதும் என்ன கேட்கிறது? பழைய 350 புல்லட் வகை இன்ஜின்களில் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றி இன்ஜின் சுற்றாமல் கர்ரென்று வழுக்கினால், ஸ்டார்ட்டரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் போயிருக்கிறது. அதே இன்ஜினில் முதல் சில நொடிகள் டக் டக் என்று கேட்டு அடங்கினால் பயமில்லை, ஹைட்ராலிக் டாப்பெட்டில் ஆயில் ஏறும் சத்தம் அது. சூடான பிறகும் தொடர்ந்தால்தான் யோசிக்க வேண்டும். ஒருவரை ஆக்சிலரேட்டர் முறுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அந்த வண்டி வேண்டாம். காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை ஆவியைக் கண்டு பயப்பட வேண்டாம். டொமினாரில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட்டைப் பாருங்கள். ஆயில் மிதந்தால் உள்ளே கேஸ்கெட் போயிருக்கிறது.

டேங்க் மூடியைத் திறந்து போன் டார்ச் அடியுங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டியில் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துவைத்து உள்ளே துரு பிடித்திருக்கும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் 20 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. அதனால் பெட்ரோல் ட்யூப்கள் வெடித்திருக்கின்றனவா என்று விரலால் வளைத்துப் பாருங்கள். புது ட்யூப் மாற்ற அதிகம் ஆகாது. துருப்பிடித்த டேங்க்தான் தலைவலி.

அடுத்து கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புங்கள். இரண்டு விரலால் ஹேண்டிலை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து உட்கார்வது போலத் தட்டுப்பட்டால் கோன் செட் தேய்ந்துவிட்டது. ஹிமாலயன் ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. மாற்றக்கூடிய பாகம்தான், விலையில் கழிக்கச் சொல்லலாம். ஆனால் மாற்றாமல் டபுள்ஸ் ஓட்டினால் நெடுஞ்சாலையில் முன்பக்கம் அலையும். அப்படியே முன் சக்கரத்தின் மேல் உள்ள ஃபோர்க் குழாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கோடு விழுந்தால் ஆயில் சீல் ஒழுகுகிறது.

விழுந்து எழுந்த வண்டியைக் கண்டுபிடிக்க பெயிண்ட்டைப் பார்த்துப் பயனில்லை. அது புதிதாகவே இருக்கும். ஹேண்டிலை முழுக்க ஒரு பக்கம் திருப்பினால் வந்து இடித்து நிற்கும் ஸ்டாப்பர் ஒன்று சேசிஸ் கழுத்தில் இருக்கும். அது நசுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் பலமாக இடித்த வண்டி. டேங்குக்குக் கீழே கழுத்துப் பகுதியில் வெல்டிங் புதிதாகத் தெரிகிறதா, பெயிண்ட் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சேசிஸில் சந்தேகம் வந்தால் பேரமே வேண்டாம், வந்துவிடுங்கள்.

சென்னை வண்டியா? 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ பைக்குகள் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் வெள்ளம். வெளியே கழுவிவிடலாம், ஹெட்லைட் கண்ணாடிக்குள் படிந்த சேற்றுக் கோட்டையும், சீட்டுக்கு அடியில் ஒயர் கனெக்டரில் பூத்த பச்சையையும் யாரும் கழுவுவதில்லை. சீட்டைக் கழற்றிப் பாருங்கள்.

கிலோமீட்டரை நம்ப வேண்டாம். மீட்டரை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. 18,000 என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடலும் கியர் லீவர் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு எங்கோ உதைக்கிறது. சர்வீஸ் பில்கள் இருந்தால் தேதியும் கிலோமீட்டரும் ஒழுங்காக ஏறுகின்றனவா என்று பாருங்கள். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். விளிம்பில் நகத்தால் தடவினால் வரப்பு போலத் தட்டுப்பட்டால் நிறைய ஓடியிருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ஐந்தாறு வருடமான டயரை மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள். அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண் தாங்கும் எடையைச் சொல்லும்: 62 என்றால் 265 கிலோ, 66 என்றால் 300 கிலோ. டபுள்ஸ் ஓட்டுகிறவருக்குப் பின் டயரில் இந்த எண் முக்கியம். முன் ஓனர் காசு மிச்சம் பிடிக்கக் குறைந்த எண்ணில் டயர் மாட்டியிருக்கலாம்.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். பல்லைவிட்டு நன்றாக எழும்பினால் செட் மாற்ற வேண்டும். பின் ஷாக்கில் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையம் திரும்புகிறதா, துருப்பிடித்து இறுகிவிட்டதா என்பதையும் சோதித்துவிடுங்கள். தனியாக ஓட்டுகிறவர் அதைத் தொட்டே இருக்கமாட்டார். உங்களுக்கு அது வேண்டும்.

இரண்டு பேருமாக ஓட்டிப் பார்ப்பது

தனியாக ஒரு ரவுண்ட் போய்விட்டு வந்து 'சூப்பர்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆளை ஏற்றிக்கொண்டு பத்து கிலோமீட்டராவது போங்கள். ஒரு மேம்பாலம், நான்கைந்து வேகத்தடை, கொஞ்சம் நல்ல ரோடு வழியில் இருக்கட்டும். மேம்பால ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுக்கிறதா, கிளட்ச் வழுக்கி சத்தம் மட்டும் ஏறுகிறதா? வேகத்தடையில் பின் ஷாக் அடிவரை போய் இடிக்கிறதா? 70-ல் போகும்போது பின்னால் இருப்பவரிடம் பாதத்தில் அதிர்வு வருகிறதா என்று கேளுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கக்கூடாது.

கூட ஓட்டத் தெரிந்த நண்பரோ மெக்கானிக்கோ வந்திருந்தால் அவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்காருங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு. ஐந்து நிமிடத்தில் அந்த சீட்டைப் பற்றி எல்லாம் புரிந்துவிடும்.

காகிதம்

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ், கடன் உள்ளதா என்பது வந்துவிடும். அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் பாருங்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். எண் மீது புதுப் பெயிண்ட்டோ தேய்ப்போ இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நீங்காமல் இருக்கும். படிவம் 35-ம் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் விற்பவர்தான் வாங்கித் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநிலப் பதிவு என்றால் படிவம் 28. அப்பா பெயரில் உள்ள வண்டியை அவர் காலமான பிறகு மகன் விற்பது சகஜம். முதலில் படிவம் 31 மூலம் மகன் பெயருக்கு மாற வேண்டும், அதன் பிறகுதான் உங்களுக்கு. 'கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன்' என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். பதிவு 15 வருடத்துக்கு. 2012 வண்டி என்றால் 2027-ல் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். விட்டுவிட்டால் விபத்தில் வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கல். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலர்களுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வந்தது. 2020 வண்டியில் அது 2025-ல் முடிந்திருக்கும். பல ஓனர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

விலை

ஒரே மாடல், ஒரே வருடத்தில் மூன்று நான்கு விளம்பரங்களைப் பார்த்து நடுவிலையைப் பிடியுங்கள். பிறகு மெக்கானிக் சொன்ன வேலைகளை ஒரு தாளில் விலையோடு எழுதி, அந்தத் தாளை வைத்தே பேசுங்கள். 'கொஞ்சம் பார்த்துப் போடுங்க' என்பதைவிட 'டயர் ரெண்டு, செயின் செட், கோன் செட், இவ்வளவு ஆகுது' என்பதற்கு மரியாதை அதிகம்.

350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு இன்னொரு பிடியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புது வண்டி விலை இறங்கிவிட்டதால் பழைய மீட்டியோர், கிளாசிக் விலையும் இறங்கித்தான் ஆக வேண்டும். வாங்கிய விலையை வைத்துக் கணக்குச் சொல்பவரிடம் இன்றைய ஷோரூம் விலையைக் காட்டுங்கள். 350-க்கு மேல் வரி 40 சதவீதம் ஆனதால் டொமினார் 400, ஹிமாலயன் விற்பவர்கள் அதை எதிர்வாதமாகச் சொல்வார்கள். ஹிமாலயன் 411 புதிதாக வருவதே இல்லை என்பது உங்கள் பதில்.

டோக்கன் அட்வான்ஸ் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டாம். மீதியை ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள்.

வாங்கிய முதல் வாரம்

பழைய ஓனர் போன வாரம்தான் ஆயில் மாற்றினேன் என்று சொல்லியிருந்தாலும் மாற்றுங்கள். ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில் எல்லாம் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டும் புதிது வாங்கி, பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவைத்தால் வழியில் அறுந்தாலும் முனையை மாற்றி மாட்டிக்கொண்டு போகலாம். ட்யூப் டயர் வண்டி என்றால் இரண்டு ட்யூப் பையில் இருக்கட்டும்.

அப்புறம் வண்டியை இரண்டு பேருக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். பின் ஷாக்கை ஓரிரண்டு படி இறுக்குங்கள். பின் டயரில் காற்று, வண்டியின் கையேட்டில் டபுள்ஸுக்கு என்று தனியாகச் சொன்ன அளவு. செயின் தொய்வை ஆளை உட்கார வைத்தே சரிபாருங்கள். வெறும் வண்டியில் அளவாக இருக்கும் செயின், எடை ஏறியதும் விறைத்துக்கொள்ளும். எடை பின்னால் விழுவதால் ஹெட்லைட் மேலே தூக்கிக்கொண்டு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அதையும் கொஞ்சம் இறக்குங்கள். பைகளை இருபுறமும் தொங்கவிடுங்கள். கனமானதைப் பின்னால் உட்காருபவருக்கும் பின்னே கட்டினால் முன் சக்கரம் லேசாகிவிடும்.

முதல் பயணம் ஏலகிரியோ ஏற்காடோ, காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரமாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் வண்டி நின்ற இடத்தில் ஒரு அட்டையைப் போட்டுவைத்து, காலையில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். செயின் செட் புதிதாக மாற்றியிருந்தால் 500 கிலோமீட்டருக்குள் தொய்வை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், புது செயின் ஆரம்பத்தில் சீக்கிரம் தளரும்.